சுருள்முடி வளர்கிறது, நீளம் எங்கே போகிறது?

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் இறுக்கமான சுருள்முடியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் புகார் ஒன்றுதான்: "வருஷக்கணக்கா இதே நீளத்துல நிக்குது, வளரவே மாட்டேங்குது." வளராமல் இல்லை. ரிலாக்ஸர் (சுருளை நேராக்கும் ரசாயனம்) போட்டவர்களுக்கு இரண்டே மாதத்தில் வேரில் புதுச் சுருள் எட்டிப் பார்க்கிறது. சாயம் பூசியவர்களுக்கு அடியில் சொந்த நிறம் தெரிந்துவிடுகிறது. வேர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அது தள்ளிவிட்ட நீளம்தான் நுனியில் உடைந்து உடைந்து காணாமல் போகிறது.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்த வகை முடி ஒரு நாளைக்குச் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் வளரும். மாதத்துக்கு 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 9 முதல் 10 செ.மீ. ஐரோப்பியரின் முடி மாதத்துக்கு 12 மி.மீ. வரை வளர்வதால், ஆரம்பத்திலேயே வேகம் கொஞ்சம் மட்டுதான். அந்த வேகத்தை எண்ணெயாலோ மாத்திரையாலோ பெரிதாகக் கூட்ட முடியாது. நம் கையில் இருப்பது செலவுப் பக்கம் மட்டும். மாதம் 8 மி.மீ. வரவு, 7 மி.மீ. உடைசல் என்றால் வருஷம் முழுக்கப் பாடுபட்டும் மிஞ்சுவது சுமார் ஒரு சென்டிமீட்டர்.

ஏன் இவ்வளவு உடைகிறது? நேரான முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்கும். இது தட்டையான நீள்வட்டம். முளைக்கும் குழியே வளைந்திருப்பதால் இழை முறுக்கிக்கொண்டே வெளியே வருகிறது. ஒவ்வொரு முறுக்கும் ஒரு மெல்லிய இடம், இழுத்தால் முதலில் அறுவது அங்கேதான். போதாக்குறைக்கு, தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் சரசரவென்று கீழே இறங்கிவிடும். இங்கே அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை போய்ச் சேராது. அதனால்தான் வேரில் பிசுக்காகவும் நுனியில் நாராகவும் ஒரே தலை இருக்கும். இழுத்துப் பிடித்தால் 30 செ.மீ. வரும் முடியின் நுனிக்கு வயது மூன்றுக்கு மேல். மூன்று வருஷச் சீப்பு, வெயில், தலையணை எல்லாம் பட்டது அது. கவனிப்பின் பெரும்பகுதி அந்தக் கடைசி ஒரு சாண் முடிக்குத்தான் போக வேண்டும். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: தலைத்தோலில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டு நுனியை மறந்துவிடுகிறார்கள்.

தொடங்குமுன் இரண்டு சோதனைகள். கழுவும்போது சீப்பில் வரும் முடியை ஒரு வெள்ளைத் தாளிலோ துண்டிலோ பரப்பிப் பாருங்கள். முழு நீளமும், ஒரு முனையில் வெள்ளைக் குமிழும் இருந்தால் அது தானாக உதிர்ந்தது. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம்தான். குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் அது உடைசல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அடுத்தது அளவு. சுருங்கிய நிலையில் இந்த முடி தன் நீளத்தில் முக்கால் பங்கைக்கூட மறைத்துக்கொள்ளும், ஆகவே கண்ணாடியை நம்ப வேண்டாம். உச்சி, பிடரி, இரு பக்கம் என்று நான்கு இடத்தில் ஒரு சிறு கற்றையை இழுத்து அளந்து குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். வாராவாரம் அளப்பது மனக்கஷ்டத்துக்குத்தான் வழி.

கழுவும் நாள்

வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தினமும் கழுவினால் இருக்கும் கொஞ்ச எண்ணெயும் போய்விடும். மாதக்கணக்கில் கழுவாமல் விட்டாலும் தப்பு: அழுக்கும் பழைய கிரீமும் படிந்த இழைக்குள் தண்ணீர் இறங்காது, தலைத்தோலில் பொடுகும் அரிப்பும் சேரும். உடற்பயிற்சியில் தினம் வியர்ப்பவர்கள் நடுவில் ஒருநாள் வெறும் தண்ணீரில் அலசி, லேசாகக் கண்டிஷனர் போட்டுக்கொள்ளலாம்.

முந்தைய இரவோ, குறைந்தது அரைமணி நேரம் முன்போ, இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவுங்கள். தேங்காய் எண்ணெயைச் சொல்லக் காரணம் உண்டு. அதன் லாரிக் அமிலம் இழைக்குள்ளேயே இறங்கக்கூடியது. கழுவும்போது முடி தண்ணீரைக் குடித்து உப்புவதையும், புரதம் கரைந்து வெளியேறுவதையும் குறைக்கிறது. பல எண்ணெய்கள் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். சிலருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் முடி விறைத்துக்கொள்ளும். அவர்கள் இந்தக் கட்டத்தையே விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

சிக்கெடுப்பதுதான் நாளின் முக்கால்வாசி வேலை, நீளம் தொலைவதும் பெரும்பாலும் இங்கேதான். தலையை நான்காகப் பிரியுங்கள். அடர்த்தி அதிகமென்றால் எட்டாக. ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, மற்றவற்றைக் கிளிப் போட்டு ஒதுக்கிவையுங்கள். அந்தப் பகுதியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு மேஜைக்கரண்டி கண்டிஷனரைத் தடவி, முதலில் விரலால் பிரியுங்கள். நல்ல வழுவழுப்பு இருந்தால் முடிச்சுகள் விரலுக்கே வழிவிடும். விடவில்லையென்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், கண்டிஷனரைக் கூட்டுங்கள். பிறகு அகலப் பல் சீப்பு. ஒரு கையால் கற்றையின் நடுவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியின் கடைசி இரண்டு சென்டிமீட்டரை மட்டும் சீவுங்கள். அது தடையில்லாமல் வந்தபின் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மேலே. இப்படியே வேர்வரை. மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தால், வழியில் இருக்கும் முடிச்செல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அடியில் ஒரே கட்டியாகும். 'டிக்' 'டிக்' என்று சத்தம் கேட்டால் அது முடி அறும் சத்தம்தான். சத்தம் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் தெளித்துத் திரும்ப விரலால் தொடங்குங்கள்.

நேரான முடிக்காரர்கள் "ஈரத்துல சீவாதே" என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. இறுக்கமான சுருளைக் காய்ந்த நிலையில் சீவ அதைவிடப் பலம் தேவை. நனைந்து கண்டிஷனர் பட்டபின் சுருள் தளர்ந்து சீப்பு எளிதாக ஓடும். இங்கே அந்த அறிவுரையைக் காதில் வாங்க வேண்டாம்.

பிரித்த பகுதியைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாம் முடிந்தபின், முறுக்கை அவிழ்க்காமலே ஷாம்பு. ஒரு பங்கு ஷாம்புவுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கூர்மூக்கு பாட்டிலில் ஊற்றி, வகிடு வகிடாகத் தலைத்தோலில் மட்டும் விடுங்கள். விரல் நுனியால் தேயுங்கள், நகம் வேண்டாம். வழிந்தோடும் நுரையே நீளத்துக்குப் போதும். தலை உச்சியில் எல்லா முடியையும் குவித்துக் கசக்குவது புதிதாகச் சிக்கு போடும் வேலை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நாலைந்து கழுவலுக்கு ஒருமுறை கொஞ்சம் பலமான ஷாம்பு தேவைப்படும். உப்புத் தண்ணீர் உள்ள இடமென்றால் தாது நீக்கும் கிலேட்டிங் ஷாம்பு. சமையல் சோடாவை யார் சொன்னாலும் தலையில் போடாதீர்கள். அதன் காரத்தன்மை, இழையை ஓடுபோல மூடியிருக்கும் செதில்களைத் தூக்கிவிடும், பிறகு அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டே இருக்கும்.

பிறகு டீப் கண்டிஷனர், பிளாஸ்டிக் தொப்பிக்குள் 20 முதல் 30 நிமிடம். ராத்திரி முழுக்க வைத்தால் கூடுதல் பலன் இல்லை. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறி ஊறிக் காயும் முடி தன் துள்ளலை இழந்து தொளதொளத்துப் போகும். புரதம் வேண்டுமா, ஈரப்பதம் வேண்டுமா என்பதை ஓர் ஈர இழையே சொல்லும். மெதுவாக இழுங்கள். நீண்டு, திரும்பாமல் குழகுழவென்று நின்றால் புரதம் குறைவு. நீளவே நீளாமல் பட்டென்று அறுந்தால் ஈரப்பதம் குறைவு. சாயம், பிளீச், ரிலாக்ஸர் பட்ட முடிக்கு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை புரதம் போடலாம். எதுவும் படாத முடிக்கு அதைவிட அரிதாகப் போதும். அரிசி கழுவின தண்ணீரை வாராவாரம் ஊற்றி, முடி துடைப்பக்குச்சி ஆகிவிட்டதென்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

ஈரம் முதலில், எண்ணெய் பிறகு

எண்ணெய் ஈரப்பதம் தராது. இருக்கும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், அவ்வளவுதான். காய்ந்த முடியில் எண்ணெய் தடவினால் வறட்சியைத்தான் பூட்டுகிறீர்கள். பளபளப்பு மட்டும் வரும். ஆகவே வரிசை முக்கியம்: சொட்டாத ஈரத்தோடு இருக்கும் முடியில் தண்ணீர்த்தன்மையுள்ள லீவ்-இன் கண்டிஷனர் (அலசாமல் அப்படியே விடுவது), அதன்மேல் சில சொட்டு எண்ணெய், கடைசியில் கிரீம் அல்லது ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு). சிலருக்குக் கிரீம் முன்னாலும் எண்ணெய் பின்னாலும் வைத்தால் நன்றாக நிற்கும். இரண்டு வாரம் இப்படி, இரண்டு வாரம் அப்படிச் செய்து பார்த்து முடிவு செய்யலாம். ஷியா வெண்ணெய் மிகக் கெட்டி. ஒரு பகுதிக்குப் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, நுனியிலிருந்து மேல்நோக்கிப் போங்கள்.

4ஏ, 4பி, 4சி என்ற வகைப்பாட்டைப் பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் அதிகம். அது சுருளின் வடிவத்தைத்தான் சொல்கிறது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளும் என்பதை முடிவு செய்வது முடியின் தடிமனும், தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது என்பதும். சுத்தமான, காய்ந்த முடியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக மேலேயே நின்றால் செதில் இறுக்கமாக மூடியிருக்கிறது. அந்த முடிக்கு லேசான பொருட்கள், கண்டிஷனர் போடும்போது கொஞ்சம் வெப்பம். உடனே உள்ளே போய், சீக்கிரமே காய்ந்தும்விட்டால் செதில் திறந்திருக்கிறது. அதற்குக் கெட்டியான கிரீம், வெண்ணெய், இடையிடையே புரதம். முடியைக் கிளாஸ் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். மேலே கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே எந்த முடியும் மிதக்கும்.

வாரநடுவில் இரண்டு மூன்று முறை, தெளிப்பானில் தண்ணீரும் கொஞ்சம் லீவ்-இன்னும் கலந்து நுனிக்கு மட்டும் அடித்து, மேலே சிறிது எண்ணெய். ராத்திரி சாட்டின் அல்லது பட்டுத் தொப்பி. தொப்பி கழன்றுவிடும் என்றால் அதே துணியில் தலையணை உறை. பருத்தி உறை ஈரத்தை உறிஞ்சுவதோடு, தூக்கத்தில் புரளும் ஒவ்வொரு முறையும் இழையை உரசும். குளித்தபின் தேங்காய்ப்பூத் துண்டால் பரபரவென்று தேய்ப்பதும் அதே கதைதான். பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுங்கள்.

பின்னல்கள்

நுனியைச் சீப்பிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒளித்துவைப்பதுதான் இந்தத் தலையலங்காரங்களின் பயன். டூ-ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட் (இரண்டு கற்றையை முறுக்குவது), கார்ன்ரோ (தலையோடு ஒட்டிய வரிசைப் பின்னல்), பாக்ஸ் பிரெய்டு (கட்டம் கட்டமாக வகிடெடுத்துப் போடும் தனித்தனிப் பின்னல்) எல்லாம் ஒழுங்காகப் போட்டால் நீளத்தைக் காப்பாற்றும். தப்பாகப் போட்டால் முடியை வேரோடு எடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இறுக்கம் மட்டும்தான்.

பின்னிமுடித்த அன்று புருவத்தைத் தூக்கினால் நெற்றி இழுக்கிறதா? வேரைச் சுற்றித் தோல் கூடாரம் போல எழும்பி நிற்கிறதா? சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்கள்? வலி மாத்திரை போட்டுத்தான் தூங்க முடிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த வரிசையை அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். "ரெண்டு நாள்ல தளர்ந்துடும்" என்று பின்னுபவர் சொல்வார். தளர்வதற்குள் வேர் பட்ட அடி பட்டதுதான். நெற்றி ஓரமும் காதோரமும்தான் முதலில் போகும், அங்கே இழைகள் மெல்லியவை. இழுப்பினால் வரும் இந்தச் சொட்டை, ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினாலே திரும்ப முளைக்கும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்குழி தழும்பாகிவிடும், பிறகு எந்த மருந்தாலும் முளைக்காது. ஓர முடியை ஜெல் போட்டுத் தினம் படியவைப்பதும் இதில் சேர்த்தி. முடி சேர்த்துப் பின்னுவதானால், வேரில் முடிச்சில்லாமல் சொந்த முடியில் தொடங்கிப் பிறகு செயற்கை முடியைச் சேர்க்கும் முறை வேருக்குப் பாரம் குறைவு. இடுப்புவரை தொங்கும் நீளம் வேண்டாம், எடை முழுவதும் அந்தச் சின்ன வேரில்தான் தொங்குகிறது. செயற்கை முடி சிலருக்குப் பயங்கரமாக அரிக்கும். பின்னுவதற்கு முன் ஆப்பிள் வினிகர் கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் மேல்பூச்சு வெள்ளையாகப் பிரிந்து வரும், அலசிக் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

6 முதல் 8 வாரம் வரை வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த ஷாம்புவால் வகிடுகளைக் கழுவி, அன்றைக்கே முழுதாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் நாற்றமும் பூஞ்சையும் வரும்.

அவிழ்க்கும் நாளில் கையில் ஒரு பெரிய முடிப்பந்து வரும், பார்த்துப் பதற வேண்டாம். தினம் 50 என்றே வைத்தாலும் 8 வாரத்தில் 2,800 முடி உதிர்ந்திருக்கும். பின்னலுக்குள் மாட்டிக்கொண்டு இத்தனை நாள் விழாமல் இருந்தவை அவை. உண்மையான ஆபத்து இதற்கு அடுத்து: அவற்றைப் பிரித்தெடுக்காமல் நேரே தண்ணீருக்கடியில் போனால் மொத்தமும் பாய்போலப் பின்னிக்கொள்ளும், அப்புறம் கத்தரிக்கோல்தான். வேரில் சேர்ந்த சாம்பல்நிற அழுக்கு வளையத்தை எண்ணெயோ கண்டிஷனரோ தடவி இளக்கி, விரலால் பிரித்து, உதிர்ந்ததையெல்லாம் வழித்தெடுத்த பிறகே கழுவுங்கள். அடுத்த பின்னலுக்கு முன் ஒன்றிரண்டு வாரம் தலையைச் சும்மா விடுங்கள்.

கத்தரிக்கோல், சூடு, ரிலாக்ஸர்

வெட்டினால் வேகமாக வளரும் என்பது சுத்தப் பொய், வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது. வெடித்த நுனியை விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறும், அதற்காகத்தான் வெட்டுவது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டர் போதும். சில சலூன்களில் 8 வாரத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. எடுப்பார்கள். 8 வாரத்தில் வளர்வதே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான், நீளம் எப்படிச் சேரும்? ஓர் இழை தன்னையே சுற்றி முடிச்சு போட்டுக்கொள்வது இந்த முடியில் சகஜம், விரலுக்கு மணல்போல நெருடும். அதைப் பிடித்து இழுக்காமல் முடிச்சுக்குச் சற்று மேலே கூர்மையான முடி வெட்டும் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். காகிதம் வெட்டும் கத்தரி இழையை நசுக்கி, அடுத்த வெடிப்பை அதுவே தொடங்கிவைக்கும்.

முடியை நீட்டிவைத்தால் முடிச்சு குறையும். அதற்குச் சூடு அவசியமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக யோருபா மக்களிடம், நூல் சுற்றும் பழக்கம் உண்டு: ஈரமான கற்றையின் வேரிலிருந்து நுனிவரை நூலை இறுக்கமில்லாமல் சுற்றிக் காயவிட்டால் காலையில் முடி நீண்டு நிற்கும். அயன் போட்டே ஆகவேண்டுமென்றால், முழுதாகக் காய்ந்த முடியில், வெப்பக் காப்பு தடவி, 180 டிகிரி செல்சியஸுக்குள், ஒரு கற்றைக்கு ஓரிரு முறை மட்டும். ஈர முடியில் சூடான தகடு பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து இழைக்குள் குமிழ் விடும். வெப்பத்தில் போன சுருள் கழுவினால் திரும்பாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ரிலாக்ஸர் முடியின் உள்பிணைப்புகளையே உடைத்து நேராக்குகிறது. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரம் இருக்கும், பி.எச். 12-க்கும் மேல். தொடர்வதென்றால் புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் போட வேண்டும்; பழைய பகுதியில் மறுபடி பட்டால் அந்த இடம் அப்படியே அறுந்துவிடும். 2022-ல் வெளிவந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு ஒன்று, வருஷத்துக்கு நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்ததாகச் சொன்னது. நிறுத்த நினைப்பவர்கள் ஒரேயடியாக வெட்டிக்கொள்ளலாம். அல்லது மாதக்கணக்கில் வளர்த்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். இரண்டாவது வழியில், சுருளும் நேர்முடியும் சந்திக்கும் கோடுதான் தலையிலேயே பலவீனமான இடம். சிக்கெடுக்கும்போது அங்கே விரல்தான், சீப்பு வேண்டாம்.

வளர்ச்சி எண்ணெய்களும் மாத்திரைகளும்

ஜமைக்காவின் கறுப்பு விளக்கெண்ணெய் வறுத்த ஆமணக்கு விதையிலிருந்து வருவது. கெட்டியாக இருப்பதால் நுனியைப் பூச நல்லது. வேரைத் தூண்டும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. சாட் நாட்டுப் பெண்களின் செபே பொடிக்கும் பெரிய பெயர் உண்டு. அவர்கள் அதைத் தலைத்தோலில் தடவுவதில்லை. எண்ணெயில் குழைத்து முடியின் நீளத்தில் பூசிப் பின்னிவிடுகிறார்கள். உடையாமல் காப்பதே அதன் வேலை. பொடியை வேரில் தேய்த்துவிட்டு அரிக்கிறதே என்பவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ரோஸ்மேரி எண்ணெயைப் பற்றிய 2015 ஆய்வு ஆண்களின் பரம்பரை வழுக்கையைப் பற்றியது. நுனி உடைகிற முடிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பயோட்டின் மாத்திரை, உடலில் பயோட்டின் குறைவில்லாதவர்களுக்கு வீண் செலவு. அதோடு தைராய்டு, இதய ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது குழப்பிவிடும், ஆகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளைக் குமிழோடு முழு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் செதிலாக உரியும் பொடுகுக்கு எண்ணெய் தடவுவது பழைய பழக்கம். அதில் வளரும் பூஞ்சைக்கு அந்த எண்ணெய்தான் தீனி. கீட்டோகொனசோல் போன்ற மருந்து ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து அலசி, நீளத்துக்குக் கண்டிஷனர் போடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: உச்சியில் முடி மெலிந்து வட்டமாக விரிவது, அந்த இடத்தில் எரிச்சல், தொட்டால் வலி. கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு தழும்புச் சொட்டை இப்படித்தான் தொடங்கும். சிலருக்குப் பரம்பரைக் காரணமும் உண்டு, 2019-ல் பி.ஏ.டி.ஐ.3 என்ற மரபணுவோடு அதற்குத் தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டது. சிலருக்கு வலியே இருக்காது, உச்சி முடி ஒரே இடத்தில் உடைந்து உடைந்து போவது மட்டும்தான் அறிகுறி. தழும்பான இடத்தில் திரும்ப முளைக்காது, மருந்தால் பரவுவதை நிறுத்தலாம். தோல் மருத்துவர் சின்னத் துண்டு தோலெடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்வார். போகும் அன்று பின்னல், விக், ஒட்டுமுடி எதுவும் இல்லாமல், எண்ணெய் தடவாமல் போங்கள். எந்தெந்த வருஷம் என்னென்ன ரசாயனம், என்னென்ன பின்னல் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.